விழுங்கியதும் ரத்தத்தில் சேர்ந்ததும்

1960-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் சென்னையிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. காசநோயாளிகளுக்கு ஐசோனியாசிட் என்ற மருந்தை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு பிரிவினருக்குக் குறைந்த அளவு, இரண்டு வேளையாக. அடுத்த பிரிவினருக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் இரண்டு வேளையாக. மூன்றாம் பிரிவினருக்கு அதே இரண்டு மடங்கு, ஆனால் முழுவதும் ஒரே வேளையில். ஒப்பிட்டுப் பார்க்க நான்காவதாக ஒரு பிரிவு; அவர்களுக்கு ஐசோனியாசிட்டோடு பாஸ் என்ற துணைமருந்தும் உண்டு. துணைமருந்து சேர்ந்த பிரிவே முதலில் வந்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. மற்ற மூன்றின் வரிசைதான் வியப்பு. ஒரே வேளையில் விழுங்கியவர்கள், அதே அளவை இரண்டாகப் பிரித்து விழுங்கியவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்.

மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடாமல் நாள் முழுக்க நிற்க வேண்டும், அதனால் வேளைக்கு வேளை பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதே அன்றைய மருத்துவர்களின் பொதுவான நம்பிக்கை. சென்னை ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து, சீரத்தில் ஐசோனியாசிட் எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கணக்கில் அளந்தார்கள். 1961-இல் அந்தக் கணக்கு வெளிவந்தது. இரண்டு வேளை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில்தான் கிருமியைத் தடுக்கப் போதுமான அளவு அதிக நேரம் நின்றிருந்தது. ஒரு வேளை சாப்பிட்டவர்களிடம் அந்த நேரம் குறைவு, ஆனால் மருந்து ஏறிய உச்சம் உயரம். கிருமியைக் கொல்வதில் உச்சத்துக்குத்தான் பங்கு அதிகம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பிற்காலத்து ஆய்வுக்கூட மாதிரிகள், உச்சத்தைவிட ஒரு நாளில் ரத்தம் சந்திக்கும் மொத்த மருந்தளவே முக்கியம் என்று வாதிடுகின்றன. அது வேறு விவாதம். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. கொடுக்கும் விதம் மாறினாலே பலன் மாறும் என்பது சென்னையில் மனித உடலிலேயே நிறுவப்பட்டுவிட்டது.

மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்ப்பது பற்றிய ஆராய்ச்சி என்றதும் இன்று கண்ணுக்குத் தெரியாத நானோ துகள், கொழுப்பு உறை, தோலில் ஒட்டும் பட்டை என்றுதான் பேச்சு போகிறது. தமிழ்நாட்டில் மருந்தியல் கல்லூரி உள்ள இடங்களிலெல்லாம் இந்தத் தலைப்புகளில் ஆய்வேடுகள் குவிகின்றன. அவற்றைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. ஆனால் இந்தத் துறைக்குச் சென்னை கொடுத்த பெருங்கொடை புதிய உறை எதுவும் இல்லை. விலை மலிந்த பழைய மாத்திரை, சரியாகச் சாப்பிடக்கூட வழியில்லாத ஒருவரின் ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பொறுமையாக அளந்து வந்ததுதான் அந்தக் கொடை.

சென்னைக்கு மேற்கே உள்ள மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் சேத்துப்பட்டில் இந்த ஆய்வுகளை நடத்திய நிறுவனத்தைக் காணலாம். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அது. பின்பு காசநோய் ஆராய்ச்சி மையம் ஆயிற்று. 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். முதலில் தலைமை ஏற்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். லண்டனிலிருந்து நுண்ணுயிரியலைக் கவனித்தவர் டெனிஸ் மிச்சிசன்.

முதல் ஆய்வே உலகை உலுக்கியது. 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி நெரிசலான சொந்த வீடுகளிலேயே தங்கி அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. 1959-இல் முடிவு வந்தபோது இரு பாதிக்கும் பெரிய வேறுபாடில்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு எல்லாம் இருந்தவர்களும், கூலிக்குப் போய்க்கொண்டு கஞ்சி குடித்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னால் எழுந்த தொல்லைதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. வீட்டுக்கு அனுப்பிய மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போனதா? போனால், அங்கிருந்து எங்கே போனது?

முதல் கேள்வியை ஃபாக்ஸ் 1958-லேயே எழுதிவிட்டார். பாஸ் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் விழுங்க வேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும். அதனால் ஆய்வு ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிவந்து அதில் மருந்தின் தடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளியை உளவு பார்ப்பது போலத் தோன்றலாம். தோன்றட்டும். இந்தச் சோதனை இல்லாமல் எந்த மருந்துக்கு எவ்வளவு பலன் என்று சொல்லியிருக்கவே முடியாது.

இரண்டாவது கேள்வி ஈரலுக்குப் போயிற்று. ஐசோனியாசிட்டை ஈரலில் உள்ள ஒரு நொதி சிதைக்கிறது. அந்த நொதி வேகமாக வேலை செய்வதும் மெதுவாகச் செய்வதும் பிறப்பிலேயே அமைவது. வேகக்காரர்களின் ரத்தத்தில் மருந்து ஒன்றரை மணிக்குள் பாதியாகிவிடும். மெதுவானவர்களுக்கு மூன்று மணி அளவு ஆகும். கங்காதரம், செல்கன் முதலானோர் தென்னிந்திய நோயாளிகளிடம் இதை அளந்து 1961-இல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். நம் ஊர்க்காரர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் மெதுவாகச் சிதைப்பவர்கள். அதனால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. மருந்து நெடுநேரம் தங்கிக் கிருமியைத் தாக்குகிறது. அதே நேரம் நரம்பையும் தாக்குகிறது. அதிக அளவு ஐசோனியாசிட் சாப்பிட்டவர்களில் உள்ளங்கால் எரிச்சலும் மதமதப்பும் மெதுவானவர்களுக்கே மிகுதியாக வந்தன. சில மில்லிகிராம் பைரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், சேர்த்துக் கொடுத்தாலே இதைத் தடுக்கலாம் என்பதையும் 1963-இல் இதே மையம் காட்டியது. இன்றும் காசநோய் மாத்திரையோடு அந்தச் சின்ன வைட்டமின் மாத்திரை வருகிறதே, அதற்குப் பின்னால் சேத்துப்பட்டு வேலையும் இருக்கிறது.

உச்சம்தான் முக்கியம் என்றால், தினமும் ஏன் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டது 1964-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த சென்னை ஆய்வு. வாரத்துக்கு இரண்டே நாள், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் பெரிய அளவு ஐசோனியாசிட்டும், மருத்துவ ஊழியரின் கண்முன்னே. தினசரி மாத்திரைக்கு அது எவ்விதத்திலும் குறையவில்லை. காரணத்தை மிச்சிசன் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் தேடினார்கள்: ஐசோனியாசிட் பட்ட காசக் கிருமி, மருந்து நீங்கிய பிறகும் சில நாள்கள் பெருக முடியாமல் கிடக்கிறது. அந்த இடைவெளிக்குள் அடுத்த வேளை மருந்து வந்துவிட்டால் போதும்.

இடைவெளியை இன்னும் நீட்டி, வாரம் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தபோது ஈரல் குறுக்கே வந்தது. மெதுவானவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். வேகக்காரர்கள் பின்தங்கினார்கள். அவர்களுக்கு அளவைக் கூட்டலாமென்றால் ஒரேயடியாக ஏறும் உச்சத்தில் தலைசுற்றலும் வாந்தியும். மருந்தை மெல்ல மெல்லக் கசியவிடும் மாத்திரை செய்தால் என்ன என்ற யோசனை இங்கேதான் பிறந்தது. எல்லார்ட், மிச்சிசன், ஃபாக்ஸ் முதலானோர் இத்தகைய ஐசோனியாசிட் மாத்திரைகளை ஆராய்ந்து 1972-இல் லான்செட்டில் எழுதினார்கள். சென்னையிலும் வேகக்காரர்களிடம் அது சோதிக்கப்பட்டது. இன்று மருந்தியல் மாணவர்கள் மெதுவாய் வெளியாகும் மாத்திரை என்று படிக்கும் உத்தி, இந்த ஊரில் ஒரு குறிப்பிட்ட வகை ஈரலுக்காகத் தேவைப்பட்டது என்பதை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன? பத்தாண்டுக்கு முன்பு உச்சமே பெரிது என்று சொன்னவர்களே உச்சத்தைத் தணிக்க மாத்திரை தேடியதில் முரண்பாடு இல்லை. நாள்தோறும் தரும் சிறிய அளவின் கணக்கு வேறு, வாரம் ஒருமுறை தரும் பெரிய அளவின் கணக்கு வேறு.

அந்த மாத்திரை நடைமுறைக்கு வரவில்லை. ரிஃபாம்பிசின் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஒன்றரை ஆண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. ஆனால் ரிஃபாம்பிசின் தன்னோடு புதிய தொல்லையையும் கொண்டுவந்தது. அது வயிற்றில் சேரும் விதம் எளிதில் கெட்டுப்போகக்கூடியது.

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து வாடகை வீடுகளிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்களில் காசநோய் வந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். எடை 50 கிலோ என்றால் முதல் இரண்டு மாதம் தினமும் 4 கூட்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டல். கம்பெனி வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். அதனால் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு விழுங்குகிறார். யாரும் குறைசொல்ல முடியாத, இயல்பான காரியம்.

தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருந்தியக்கப் பிரிவு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த இட்லியின் விலையைக் காட்டியது. சாப்பாட்டோடு சேரும்போது ரிஃபாம்பிசினின் ரத்த உச்சம் ஏறக்குறையப் பாதியாகிறது. ஐசோனியாசிட்டும் கிட்டத்தட்ட அதே அளவு சரிகிறது. பைரசினமைட் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அட்டையில் 4 மாத்திரைக்கு டிக் விழுந்திருக்கும். ரத்தத்துக்கு அது தெரியாது.

உணவு இல்லாமலேயே வயிற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. இரைப்பை அமிலத்தில் ரிஃபாம்பிசின் மெல்லச் சிதைகிறது. பக்கத்தில் ஐசோனியாசிட் இருந்தால் சிதைவு வேகமாகி, இரண்டும் கூடி உதவாத ஒரு சேர்மமாகிவிடுகின்றன. ஒரே மாத்திரையில் எல்லா மருந்தையும் அடக்கும் வசதிக்கு இந்த வேதியியல் விலை. அகமதாபாத்திலும் மொகாலியிலும் இருந்த மருந்தியல் ஆய்வாளர்கள் 1990-களின் இறுதி முதல் இதைத் துருவி ஆராய்ந்து, இரண்டு மருந்தும் இரைப்பையில் சந்திக்காதபடி பிரித்து வைக்கும் மாத்திரை வடிவங்களை முன்வைத்தார்கள். என் பார்வையில் நானோ துகள் ஆய்வுகளைவிட இந்த வேலை நோயாளிக்கு அருகில் இருந்தது. ஆனால் பேசப்பட்டது குறைவு.

நோயாளியின் உடல்நிலையும் கணக்கில் சேர்கிறது. 2004-இல் சென்னை மையம், எச்ஐவி தொற்று முற்றியவர்களின் குடல், மருந்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை என்று காட்டியது. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட்டோடு டி-சைலோஸ் என்ற சர்க்கரையையும் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். சர்க்கரையே சரியாக உள்ளே போகாத குடலில் மருந்து மட்டும் எப்படிப் போகும்? நீரிழிவு உள்ள காசநோயாளிகளிடம் ஐசோனியாசிட், பைரசினமைட் அளவுகள் தாழ்ந்திருப்பதும் பின்னர் தெரியவந்தது. நீரிழிவு மலிந்த தமிழ்நாட்டுக்கு இது சின்னச் செய்தி இல்லை. குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாக மருந்தை வெளியேற்றுகிறது; எலும்பும் தோலுமான குழந்தைக்கு நிலைமை இன்னும் மோசம். கீதா ராமச்சந்திரன், சௌமியா சுவாமிநாதன் ஆகியோர் பங்கேற்ற ஆய்வுகள் 2013 வாக்கில் இதை எண்களாக்கிக் காட்டின.

இந்த எண்களெல்லாம் சேர்ந்து கடைசியில் சென்னையின் சொந்தப் பெருமையையே அசைத்தன. 1964-இன் இடைவெளிச் சிகிச்சைதான் வளர்ந்து, வாரத்துக்கு மூன்று நாள் கண்முன்னே மருந்து தரும் டாட்ஸ் என்று 1997 முதல் தேசியத் திட்டமானது. ரத்தத்தில் மருந்து போதாத ஒருவருக்கு, நாள்களும் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? சென்னை, மதுரை, வேலூரில் எச்ஐவியோடு காசநோயும் உள்ள 331 பேரிடம் இதே நிறுவனம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. தினசரி சாப்பிட்டவர்களில் 91 விழுக்காட்டினர் தேறினார்கள். விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களில் 77. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு முடிந்து, நாடு தினசரி முறைக்கு மாறுவதென்று ஆகியிருந்தது. தான் கண்டுபிடித்ததைத் தானே சோதித்து, யாருக்கு அது பொருந்தாது என்று சொன்ன நிறுவனங்கள் அதிகம் இல்லை.

இனி நானோவுக்கு வருவோம். நம் நாட்டில் காசநோய்க்கு நானோ துகள் என்ற வழியில் முன்னோடி, சண்டிகர் மருத்துவ உயர்கல்வி நிறுவனத்தில் குல்லர் நடத்திய ஆய்வகம். 2003-இல் அவர்கள் வெளியிட்ட சோதனை இன்றும் வியக்க வைக்கிறது. உடலில் கரையும் பாலிமர் துகளுக்குள் மருந்தை அடைத்து, கினிப் பன்றிகளுக்குப் புகையாக மூச்சில் கொடுத்தார்கள். 10 நாளுக்கு ஒருமுறை வீதம் ஐந்து முறை கொடுத்ததில் நுரையீரலில் கிருமி இல்லை. வாய்வழியாகத் தினமும் கொடுத்து அதே பலனை எட்ட 46 வேளை தேவைப்பட்டது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் அமித் மிஸ்ரா, மூச்சில் இழுக்கும் நுண்துகள் பொடியைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். இவ்வளவு இருந்தும், மாங்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று கிடைப்பது அதே மாத்திரைதான். ஆய்வுக்கூடத்தில் சில கிராம் செய்வது வேறு, லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு மாறாத தரத்தில் செய்வது வேறு. ஏழை நோயாளிகளின் நோயில் பெருமுதலைப் போட்டு மனிதச் சோதனை நடத்த எந்த நிறுவனமும் வரிசையில் நிற்கவில்லை.

தவறாமல் சாப்பிடவைப்பதும் கொண்டுசேர்ப்பதன் ஒரு பகுதிதான். மாங்காடு காமாட்சி அம்மனுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் தொடர்ந்து வருவதாக வேண்டிக்கொண்டவர்கள் லேசில் ஒரு வாரத்தைத் தவறவிட மாட்டார்கள். ஆறு மாத மாத்திரை அப்படியில்லை. வேண்டுதல் அவரவர் மனதில் எடுத்தது. மாத்திரை வெளியிலிருந்து விதித்தது. இருமல் நின்று உடம்பு தேறியதும் மாத்திரையின் அவசியம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இதற்காக வந்ததுதான் மாத்திரை உறையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் முறை: மாத்திரையைப் பிதுக்கினால்தான் எண் தெரியும். சென்னை, வேலூர், மும்பையில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதன் நம்பகத்தைச் சோதித்தார்கள். எப்படி? நோயாளியின் வீட்டுக்குத் திடீரென்று போய்ச் சிறுநீர் வாங்கி, ஐசோனியாசிட் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அறுபது ஆண்டுக்கு முந்தைய அதே உத்தி. போன் அழைப்பை மட்டும் நம்பியிருந்தால், மாத்திரை சாப்பிட்ட பலர் சாப்பிடாதவர்களாகக் கணக்கில் ஏறியிருப்பார்கள்.

மாங்காட்டைச் சுற்றி இந்த ஆராய்ச்சிக்கு ஆள்பலம் குறைவில்லை. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அதன் மருந்தியல் துறையும். அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். காசநோய்ச் சாவைக் குறைக்க 2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் பின்னணியில் இருப்பது அதுவே. எடை மிகக் குறைந்தவர்களையும் மூச்சு முட்டுகிறவர்களையும் முதல் நாளே பிரித்தறிந்து படுக்கையில் சேர்ப்பது அந்தத் திட்டத்தின் வழி. இவர்கள் உடலுக்குள் மருந்து எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பதே அடுத்து நடக்க வேண்டிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஈரல் வேகத்தைப் பார்த்து ஐசோனியாசிட் அளவை நிர்ணயிக்கலாம் என்பதை 2013-இல் ஜப்பானில் சோதித்தார்கள். மரபணுவைப் பார்த்து, மெதுவானவர்களுக்குக் குறைத்தும் வேகக்காரர்களுக்குக் கூட்டியும் கொடுத்ததில், முன்னவர்களிடம் ஈரல் பாதிப்பும் பின்னவர்களிடம் பலனில்லாமல் போவதும் குறைந்தன. 1961-இல் சென்னையில் அளந்த அதே வேறுபாடுதான். இங்கே இன்றும் எடையைப் பார்த்துத்தான் மாத்திரை எண்ணிக்கை.

எல்லோருக்கும் மரபணுச் சோதனை வேண்டியதில்லை. இரண்டு மாதமாகியும் சளியில் கிருமி மறையாதவர், நீரிழிவுக்காரர், எடை ஏறாதவர் ஆகியோருக்கு மட்டும் மாத்திரை விழுங்கி 2 மணி நேரத்தில் ஒருமுறையும் 6 மணி நேரத்தில் ஒருமுறையும் ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும். மருந்து தாமதமாக ஏறுகிறதா, ஏறவே இல்லையா என்பது இரண்டு அளவிலும் பிரிந்து தெரிந்துவிடும். அளக்கும் கருவி சென்னையில் இருக்கிறது, அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு ஊசிக்கு நடுவே நோயாளி பாதி நாள் காத்திருக்க வேண்டும். ஷிப்ட் வேலைக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் உலர்த்தித் தபாலில் அனுப்பினாலும் மருந்தளவைக் காண முடியும் என்று வேறு நாடுகளில் முயன்றிருக்கிறார்கள். சேத்துப்பட்டின் அடுத்த சோதனை அந்தத் தாளில் தொடங்கலாம். அதற்குக் கம்பெனியில் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை.